முதலில் அலங்கத்தைப் பார்

தம்பி தங்கைமாரே, உங்கள் மூத்தவர்கள் பலர் ஒன்ராறியோ பாடசாலைகளில் டியூரிங் என்ற கணினிமொழி படித்தவர்கள். அது 1982இல் ரொறன்ரோ பல்கலைக்கழகத்தில் உருவானது. அதை விரிவாக்கிப் பார்ப்பதற்காக 1985இல் அங்கேயே டிஎக்ஸ்எல் என்ற கருவியும் பிறந்தது. 2000ஆம் ஆண்டுச் சிக்கல் நெருங்கியபோது, கிங்ஸ்டனில் அந்தக் கருவியைக் கொண்டு பல நூறு கோடி வரிப் பழைய நிரல்களை அலசினார்கள். ஆண்டை இரண்டே இலக்கத்தில் வைத்திருந்த இடங்களைக் கருவி தேடி அடையாளமிட்டது, பிறகே திருத்தம். இந்த ஒழுங்குதான் எங்களுக்குப் பிடித்தது. நெகேமியாவும் இராத்திரியில், ஒருவருக்கும் சொல்லாமல், இடிந்த அலங்கத்தைப் பார்வையிட்ட பிறகே கட்டுவோம் என்றார்.

இன்று வேலையிடத்தில் செயற்கை நுண்ணறிவிடம் முழு நிரலையும் கொடுத்து மாற்றி வாங்குகிறீர்கள். தவறில்லை. மாற்றிய வரிகளை வாசித்தீர்களா? அதில் யாரோ ஒரு அம்மம்மாவின் ஓய்வூதியக் கணக்கு இருக்கலாம்.