தட்டில் வரும் வாக்குத்தத்தம்

டிசம்பர் 31 இரவு பன்னிரண்டு மணி தாண்டி ஆலயமணி ஓய்ந்ததும், தமிழ்நாட்டின் எத்தனையோ சபைகளில் வரிசை வரிசையாக ஒரு தட்டு வரும். தட்டு நிறைய, கவிழ்த்து வைத்த சின்னச் சின்ன அட்டைகள். ஒரு பக்கம் ரோஜாப்பூ அல்லது நீர்வீழ்ச்சி, அதன்மேல் ஒரு வேதவசனம். மறுபக்கம் காலண்டர், சபையின் பெயர், போதகரின் கைப்பேசி எண். கண்ணை மூடி ஜெபித்துவிட்டு ஒன்றை எடுக்கிறோம். கைக்கு வந்த வசனம் அந்த வருஷம் முழுவதற்கும் ஆண்டவர் நமக்கென்று தந்த வாக்குத்தத்தமாகிவிடுகிறது. மனதுக்கு ஒட்டாத வசனம் வந்துவிட்டால், வெளியூரில் இருக்கும் மகனுக்கு என்று சொல்லி இன்னொன்றை எடுப்பவர்களும் உண்டு. அதன்பின் அட்டை மணிபர்ஸுக்குள் போகும், கடையில் கல்லாப்பெட்டி மேல் ஒட்டப்படும். இத்தனை செய்தும், விக்கிரகாராதனைக்கும் நமக்கும் சம்பந்தமே இல்லை என்று நாம் உறுதியாக நம்புகிறோம். விக்கிரகம் என்றால் கல், மரம், பொன்; அவற்றின் முன் நாம் விழுவதில்லை; ஆகவே முதலாம் இரண்டாம் கற்பனைகளைக் காத்துவிட்டோம். பிரசங்க பீடத்திலிருந்து வீட்டு ஜெபக்கூட்டம் வரை பரவியிருக்கும் இந்த நம்பிக்கைக்கு வேதத்தில் ஆதாரம் இல்லை.

யாத்திராகமம் 32-ஆம் அதிகாரத்தை நிதானமாக வாசித்துப் பாருங்கள். பொன் கன்றுக்குட்டியை வார்த்துப் பலிபீடம் கட்டிய ஆரோன், மறுநாள் கர்த்தருக்குப் பண்டிகை என்றுதான் கூறினான். வேறு தெய்வத்தின் பெயரை அவன் அறிவிக்கவில்லை. மோசே மலையிலிருந்து இறங்கத் தாமதித்தான். காத்திருக்க ஜனங்களுக்குப் பொறுமை இல்லை. தங்கள் முன்னே நடக்க, தங்கள் கையால் செய்த ஒன்று அவர்களுக்கு வேண்டியிருந்தது. ஆசாரியன் ஏலியின் நாளில் கதை இன்னும் வெளிப்படையானது. பெலிஸ்தரிடம் தோற்ற இஸ்ரவேலர் சீலோவிலிருந்து உடன்படிக்கைப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போர்க்களத்துக்குப் போனார்கள். பெட்டி கர்த்தர் செய்யச் சொன்ன பெட்டி. அதற்குள் இருந்தவை அவர் எழுதிய கற்பலகைகள். ஆனாலும் அன்று இஸ்ரவேலில் 30,000 பேர் விழுந்தார்கள், பெட்டியும் பிடிபட்டது. மோசே செய்த வெண்கலச் சர்ப்பமோ தேவகட்டளையால் உண்டானது, சாகக் கிடந்தவர்களைப் பிழைக்க வைத்தது. பல நூற்றாண்டுகளுக்குப் பிறகு ஜனங்கள் அதற்குத் தூபங்காட்டியபோது எசேக்கியா ராஜா அதை உடைத்துப்போட்டான். கர்த்தர் கொடுத்த நல்ல பொருளும் விக்கிரகமாகலாம் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி எதற்கு? தேவனுக்குக் கீழ்ப்படியாமலேயே தேவனால் ஆகவேண்டிய காரியத்தை முடித்துக்கொள்ள நம் கையில் எது இருக்கிறதோ, அதுவே நம் விக்கிரகம். அது கல்லா காகிதமா என்பது இரண்டாவது கேள்வி.

அந்த அட்டைகளில் அதிகம் அச்சாகும் வசனங்களில் ஒன்று எரேமியா 29:11, தீமைக்கல்ல, சமாதானத்துக்கான நினைவுகளே தமக்கு இருப்பதாகக் கர்த்தர் சொல்லும் இடம். அது பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எரேமியா எழுதிய கடிதத்தின் நடுவில் வருகிறது. அதற்கு முந்திய வசனம், பாபிலோனில் 70 வருஷம் நிறைவேறிய பிறகே திரும்பிவருவீர்கள் என்கிறது. கடிதத்தை வாசித்த பெரியவர்களில் அநேகர் ஊர் திரும்பாமலே சாவார்கள் என்பது அதன் பொருள். அதுவரை வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், உங்களைச் சிறைபிடித்த பட்டணத்தின் சமாதானத்துக்காக ஜெபியுங்கள் என்று கடிதம் சொல்கிறது. இதற்கு முந்திய அதிகாரத்தில் அனனியா என்ற தீர்க்கதரிசி, இரண்டே வருஷத்தில் எல்லாம் சரியாகிவிடும் என்று கர்த்தரின் பெயராலேயே சொன்னான். கேட்கச் சுகமான வார்த்தை அவனுடையது. எரேமியா அவனைப் பொய்யன் என்றார். அந்த வருஷமே அவன் செத்தான். பத்தாம் வசனத்தை வெட்டிவிட்டுப் பதினோராம் வசனத்தை மட்டும் ரோஜாப்பூமேல் அச்சடிக்கும்போது, எரேமியாவின் வாயில் அனனியாவின் செய்தியை வைக்கிறோம்.

வசனம் தேவனுடைய வார்த்தைதானே, அதைப் பிடித்துக்கொள்வது எப்படிப் பிழையாகும் என்று கேட்பார்கள். தேவாலயத்து உப்பரிகையில் சாத்தான் இயேசுவிடம் நீட்டியதும் வசனம்தான். அதுவும் 91-ஆம் சங்கீதத்தின் வாக்குத்தத்தம். ஆண்டவர் அதைப் பொய் என்று சொல்லவில்லை. தேவனைப் பரீட்சை பார்க்கக்கூடாது என்று உபாகமம் 6-ஆம் அதிகாரத்தைக் கொண்டு பதில் சொன்னார். கர்த்தரை முழு இருதயத்தோடும் முழு ஆத்துமாவோடும் முழுப் பலத்தோடும் நேசிக்கச் சொல்வதும் அதே அதிகாரம்தான்.

மற்றொரு கேள்வி இதைவிடக் கனமானது. கடனிலும் வியாதியிலும் கிடக்கிற ஒரு தாய்க்கு அந்த அட்டை ஒன்றுதான் ஆறுதல். அதையும் பிடுங்க வேண்டுமா? அவளுடைய கண்ணீரை நான் அற்பமாக எண்ணவில்லை. அவளுக்காகவே இதை எழுதுகிறேன். பிப்ரவரியில் கடன்காரன் வாசலில் வந்து நிற்கும்போது, தேவன் பொய் சொல்லிவிட்டாரோ, தன் விசுவாசம்தான் போதவில்லையோ என்று இரண்டு வகையிலும் நொறுங்கப்போகிறவள் அவள். வேதம் அவளுக்கு இதைவிட உறுதியானதை வைத்திருக்கிறது. அத்திமரம் துளிர்விடாமல் தொழுவத்தில் மாடு இல்லாமல் போனாலும் கர்த்தருக்குள் களிகூருவேன் என்று ஆபகூக் பாடினான். உலகத்தில் உபத்திரவம் உண்டு என்று இயேசுவே முன்கூட்டிச் சொன்னார். தேவபக்தியாய் நடக்க மனதுள்ள யாவரும் துன்பப்படுவார்கள் என்று பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதினார். இவையும் வாக்குத்தத்தங்கள்தான். ஆனால் அச்சகத்துக்குக் கொடுக்கும் பட்டியலில் இவற்றுக்கு இடமில்லை. வசனங்களில் பொறுக்கி எடுக்கும் உரிமை யாரிடம் இருக்கிறதோ, அங்கே எஜமான் அவர்தான்.

நம் சபைகளிலேயே இதற்கு மாற்று இருக்கிறது. 1755 ஆகஸ்டில் லண்டனின் ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸில் ஏறக்குறைய 1,800 பேரைக் கூட்டி, மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி உடன்படிக்கை ஆராதனை நடத்தினார். பிற்காலத்தில் மெதடிஸ்டுகள் அதைப் புத்தாண்டோடு சேர்த்து நடத்தத் தொடங்கினார்கள். 1947-இல் தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது அதில் சேர்ந்தவர்களில் மெதடிஸ்டுகளும் இருந்தார்கள். அந்த ஆராதனையில் விசுவாசி எதையும் எடுத்துக்கொண்டு போவதில்லை. இனி நான் என்னுடையவன் அல்ல, என்னை உயர்த்தினாலும் தாழ்த்தினாலும், வேலை தந்தாலும் ஒதுக்கி வைத்தாலும் உம்முடையவன் என்று தன்னையே கொடுத்துவிட்டுப் போகிறான். முழு இருதய ஆராதனை என்பதன் பொருள் அந்த ஜெபத்தில் இருக்கிறது.

போதகர்களே, மூப்பர்களே, இந்த டிசம்பரில் தட்டு வேண்டாம். ஜனங்கள் கேட்டே தீருவார்கள் என்றால் எரேமியா 29-ஐ அதிகாரம் முழுவதும் அச்சடித்துக் கொடுங்கள். நள்ளிரவில் அதைச் சபையாக நின்று வாசியுங்கள். 70 வருஷமும் அதில் இருக்கட்டும்.