முதுமையைக் கூறிடும் மருத்துவம்

முதியவர் ஒருவர் நள்ளிரவில் இடறி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால், அஃது எலும்பு மருத்துவரின் பொறுப்பு என்று முடிவு கட்டிவிடுகிறோம். முறிவைச் சீராக்க அவரால் இயலும். வீழ்ச்சியின் காரணத்தை அறிய அவர் ஒருவரால் இயலாது. கண்புரை முற்றியிருக்கலாம். குருதியழுத்த மாத்திரையும் உறக்க மாத்திரையும் சேர்ந்து தலைசுற்றலைத் தந்திருக்கலாம். பல் போனபின் கஞ்சியே உணவாகித் தசை வற்றியிருக்கலாம். கழிப்பறை வீட்டின் புறத்தே விளக்கின்றிக் கிடந்திருக்கலாம். கைப்பிடித்து அழைத்துச் செல்ல வேண்டிய மகனோ அயலூரில் பிழைப்புத் தேடிப் போயிருக்கலாம். இத்தனையும் கூடித்தான் ஓர் எலும்பை முறிக்கின்றன. இவற்றைத் தனித்தனியே ஆராயும் அறிஞர்கள் ஓரிடத்தில் அமராதவரை முதுமை நமக்குப் புரியப் போவதில்லை.

இது புதிய கருத்தன்று. மார்ஜரி வாரன் என்ற மருத்துவர் 1935-இல் லண்டன் வெஸ்ட் மிடில்செக்ஸ் மருத்துவமனையில், ஏழையர் விடுதியைச் சேர்ந்த நூற்றுக்கணக்கான முதிய நோயாளரின் பொறுப்பை ஏற்றார். இனித் தேறார் எனப் படுக்கையோடு விடப்பட்டவர்கள் அவர்கள். உடல், மனம், குடும்பச் சூழல் மூன்றையும் ஆராய்ந்து, செவிலியர், இயன்முறை மருத்துவர், சமூகப் பணியாளர் ஆகியோரை ஒருங்கே ஈடுபடுத்தியதும் அவர்களுள் பலர் எழுந்து நடந்தனர், வீடு திரும்பினர். பின்லாந்தில் நிகழ்ந்து 2015-இல் வெளியான ஆய்வும் இவ்வழியையே வலியுறுத்துகிறது. மறதிநோய் வாய்ப்பு மிகுந்த, 60 முதல் 77 அகவை வரையிலான 1,260 பேர் அதில் பங்கேற்றனர். உணவு, உடற்பயிற்சி, மூளைப்பயிற்சி, குருதியழுத்தம் முதலியவற்றின் கண்காணிப்பு ஆகிய நான்கையும் ஈராண்டு ஒருசேரப் பெற்றவர்களின் அறிவாற்றல், பொதுவான அறிவுரை மட்டும் பெற்றவர்களைவிட மேம்பட்டது.

நம் நாட்டிலும் நல்ல தொடக்கம் நிகழ்ந்துள்ளது. மும்பையின் பன்னாட்டு மக்கள்தொகை அறிவியல் நிறுவனம், ஹார்வர்டு, தெற்குக் கலிபோர்னியா பல்கலைக்கழகங்களுடன் இணைந்து 2017-18-இல் தொடங்கிய நெடுங்கால முதுமை ஆய்வு, 45 அகவை கடந்தோரும் அவர்தம் துணைவருமாக 72,000-க்கும் மேற்பட்டோரைச் சந்தித்தது. கைப்பிடி வலுவை அளந்த அதே ஆய்வு வருமானத்தையும், உறவினர் வருகையையும், மனச்சோர்வையும் கேட்டறிந்தது. முதியோருள் ஏறத்தாழ ஏழரைக் கோடிப் பேர் நாள்பட்ட நோயுடன் வாழ்கின்றனர் என்பது 2021-இல் வெளியான அதன் அறிக்கையால் தெரியவந்தது. அதன் கிளை ஆய்வு, 60 கடந்தோருள் 88 இலட்சம் பேர் மறதிநோயுற்றோர் எனக் கணித்தது. இந்நோய் ஆண்களைவிடப் பெண்களிடமும், நகரைவிடச் சிற்றூரிலும் மிகுதி. பள்ளி வாயிலை மிதிக்கவிடாமல் ஒரு தலைமுறைப் பெண்களைத் தடுத்ததன் விளைவும் இதில் கலந்திருக்கிறது. நரம்பியலார் மட்டும் இதை ஆராய்ந்து முடிக்க இயலுமா?

தமிழ்நாடு இத்துறையில் முன்னோடி. சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் 1978-இலேயே முதியோர்க்கெனத் தனிப்பிரிவு தோன்றியது; இந்தியாவின் முதல் முதியோர் மருத்துவ முதுநிலைப் படிப்பு 1996-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில்தான் தொடங்கியது. கிண்டியில் 2024 பிப்ரவரியில் 200 படுக்கைகளுடன் தேசிய முதியோர் நல மருத்துவமனை திறக்கப்பட்டது. உலக முதியோர் நாளான அக்டோபர் முதல் நாளில் மட்டும் முதியோரை நினைவுகூரும் அரசியல் வழக்கத்துக்கிடையே இது உண்மையான பணி, பாராட்டத்தக்கது.

எனினும் கட்டடமும் படுக்கையும் ஆய்வாகிவிடா. புதிய மருந்துகளின் சோதனைகளில் எண்பது அகவையினர் அரிதாகவே சேர்க்கப்படுகின்றனர். அம்மருந்துகளை மிகுதியாக விழுங்குவோரோ அவர்களே. மருத்துவக் கல்லூரியும் சமூகவியல் துறையும் ஒரே நகரில் இருந்தும் ஒன்றன் ஆய்வேட்டை மற்றது படிப்பதில்லை. நிதியும் துறைவாரியாகவே பங்கிடப்படுகிறது. கூடி ஆராய முனைவோர்க்கு எந்தக் கதவைத் தட்டுவது என்பதே தெரிவதில்லை.

தேசிய மக்கள்தொகை ஆணையத்தின் கணிப்புப்படி, 2031-இல் தமிழ்நாட்டு மக்களுள் 18.2 விழுக்காட்டினர் 60 அகவை கடந்திருப்பர். கேரளத்துக்கு அடுத்த நிலை இது. ஆகவே, மருத்துவர், பொருளியலார், உளவியலார், கட்டடக் கலைஞர், சமூகப் பணியாளர் ஆகியோர் கூட்டாக விண்ணப்பித்துப் பெறத்தக்க தனி ஆய்வு நிதியைத் தமிழக அரசு வரும் நிதிநிலை அறிக்கையிலேயே ஒதுக்க வேண்டும். கிண்டி மருத்துவமனையை அதன் நடுவமாக அறிவிக்க வேண்டும்.