விரட்டும் கோல் இங்கே. வாழ்வளிக்கும் பேனா அங்கே!

கல்லங்குறிச்சிச் சுண்ணாம்புப் பாறையிலே கடற்சிப்பிகள் புதைந்து கிடக்கின்றன. சுமார் ஏழு கோடி ஆண்டுகளுக்கு முன் அங்கே அலை புரண்டது என்பதற்கு அவை சான்று. கடலே இடம் பெயர்ந்திருக்கிறது, தோழர்களே! ஆனால், உயிர் பிழைக்கக் கடல் கடந்து வந்த ஈழத் தமிழனுக்கோ இன்னும் 'சட்டவிரோதக் குடியேறி' என்ற பட்டம்!

1983 முதல் வந்தவர்களுக்கான முகாம்களை நடத்துவது யார்? அவர்தம் பிள்ளைகளைப் பள்ளியில் சேர்த்தது யார்? தமிழக அரசு! குடியுரிமை தருவது யார்? டில்லி!

அரசியல் சட்டம் காவல்துறையை மாநிலப் பட்டியலிலே வைத்தது. குடியுரிமையையும் அயலாரை வெளியேற்றுவதையும் ஒன்றியப் பட்டியலிலே வைத்தது. 1958இல், அயலாரைப் பிடித்துவைத்து வெளியேற்றும் அதிகாரத்தை மட்டும் மாநிலங்களிடம் ஒப்படைத்தது டில்லி. விரட்டும் கோலைத் தந்தார்கள். வாழ்வளிக்கும் பேனாவைத் தந்தார்களா?

2019ஆம் ஆண்டின் குடியுரிமைத் திருத்தச் சட்டம் மூன்று நாடுகளைச் சொன்னது, இலங்கையைச் சொல்லவில்லை. அதை எதிர்த்து 2021 செப்டம்பர் 8இல் நமது சட்டமன்றம் தீர்மானம் நிறைவேற்றியது. சட்டம் அசையவில்லை. 2015 ஜனவரி 9 வரை வந்து பதிவு செய்தோர்க்குத் தண்டனையிலிருந்து 2025இல் விலக்களித்தார்கள். நன்று! ஆனால், 'தண்டிக்கமாட்டோம்' என்பது, 'குடிமகனாக ஏற்போம்' என்பதாகிவிடுமா?

எல்லையை ஒன்றியம் காக்கட்டும், மறுப்பாரில்லை. சுமப்பவனைக் கேளாமல் சுமையின் கதியை முடிவு செய்வதுதான் கூட்டாட்சியா? மாநிலத்தின் பரிந்துரையைக் கேட்டே முடிவெடுக்கச் சட்டம் வேண்டும்!

முகாமிலே பிறந்த குழந்தை கேட்கிறது: "நான் எந்த நாட்டுப் பிள்ளை?" பதில் சொல்லும் உரிமை தமிழகத்துக்கும் வேண்டும். கேட்போம், கிடைக்கும்வரை கேட்போம்!