காஷ்மீரின் நாற்பது நாள் பனி

காஷ்மீரின் குளிர்காலத்தில் சில்லை கலான் எனப்படும் 40 நாட்களே முதன்மையானவை. டிசம்பர் 21-இல் தொடங்கி ஜனவரி இறுதி வரை நீளும் இக்காலத்தில், மத்தியதரைக் கடல் பக்கமிருந்து வரும் காற்றுச் சுழற்சிகள் இமயத்தில் மோதிப் பனியாகக் கொட்டுகின்றன. அப்போது விழும் பனி இறுகி நின்று, மெல்ல உருகி, ஜீலம் ஆற்றையும் நெல்வயல்களையும் ஆப்பிள் தோட்டங்களையும் காக்கிறது. மார்ச்சில் விழுவதோ வெயிலேறியதும் ஓடிவிடும். அளவு ஒன்றானாலும் பயன் ஒன்றல்ல. 2024 ஜனவரியில் குல்மார்க் பனிச்சறுக்குச் சரிவுகள் பல நாட்கள் பனியின்றிக் கிடந்தன. சுற்றுலா இழப்பே பெரிதாகப் பேசப்பட்டது. கோடையில் வற்றக்கூடிய ஊற்றும் வாய்க்காலும் அதைவிடப் பெரிய கவலை. பனிப்பொழிவைச் சில நாட்கள் முன்பே நம்பகமாகச் சொல்ல முடிகிறது. பருவம் முழுவதற்குமான கணிப்பு அவ்வளவு உறுதியானதல்ல; ஆகவே பாசனத் திட்டம் மலைமேல் தங்கிய பனியை அளந்தே வகுக்கப்பட வேண்டும்.