ஓடை மண் சொல்லும் இரு உண்மைகள்

மை போட்டுப் பார்த்தால் புதையல் தெரியும் என்பான் ஒருவன். புற்றடியிலே பொற்குடம், பூதம் அதற்குக் காவல், ஆடு வெட்டினால் அகலும் என்பான் மற்றொருவன். நம்பியவன் கைப்பொருளை இழந்தான். பொன் கிடைத்தது – சொன்னவனுக்கு!

அறிவியல் அவ்வழி செல்லவில்லை. ஓடையிலே இறங்கிற்று. ஒரு பிடி வண்டலை அள்ளி, "உன் பிறப்பிடம் எது?" என்று கேட்டது. மண் மறைக்காமல் சொல்லிற்று!

மழை மலையை அறுக்கிறது, பாறை பொடியாகிறது, அந்தப் பொடியை வெள்ளம் ஓடையிலே சேர்க்கிறது. எனவே ஒரு பிடி வண்டல், அதற்கு மேலேயுள்ள சரிவுகள் அத்தனைக்கும் சாட்சி. அதைச் சலித்து, நுண்தூளைச் சோதிக்கின்றனர். ஒரு டன் மண்ணில் ஒரு மில்லிகிராம் பொன் இருந்தாலும் கருவி காட்டிக்கொடுக்கிறது! பொன்துகள் ஒரு பிடியில் சிக்கும், மறு பிடியில் நழுவும். ஆகவே பல பாறைகளில் பொன்னோடு கூடியிருக்கும் ஆர்சனிக்கையும் தேடுகின்றனர். ஆம், பாஷாணத்தில் உள்ள அதே நஞ்சுதான்! இரண்டு ஓடைகள் கூடுமிடத்தில் இரண்டிலும் மண் எடுப்பர். அளவு மிகுந்த ஓடை வழியே மேலேறுவர். ஏறிவந்த அளவு எங்கே சட்டென்று விழுகிறதோ, அதற்குச் சற்றுக் கீழே, கரையோரச் சரிவிலே தேடுவர்.

இந்த அறிவுக்கு முன்னோடி யார்? பட்டதாரியா? இல்லை, மண்ணை அலசிப் பிழைத்த ஏழை! 1802இல் மைசூர் எல்லையை அளக்கச் சென்ற ஜான் வாரன் என்ற வெள்ளை அதிகாரி, கோலார்ப் பகுதியிலே பொன் உண்டெனக் கேள்வியுற்று, காட்டுவோர்க்குப் பரிசு என்றான். ஊரார் வண்டியிலே மண் கொணர்ந்து, அவன் கண்ணெதிரே அலசிப் பொன் காட்டினர். 1880இல் ஜான் டெய்லர் கம்பெனி வந்தது. தமிழ்த் தொழிலாளர் படிப்படியாக 3 கிலோமீட்டர் ஆழம்வரை இறங்கினர். பொன் மேலே வந்தது. பாறைத்தூள் அவர்தம் நுரையீரலிலே தங்கியது! 2001இல் சுரங்கம் மூடப்பட்டது. எஞ்சியது கழிவு மண்மேடு!

அதே 2001இல் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை, சதுர கிலோமீட்டருக்கு ஒரு மாதிரி என ஓடை வண்டல் திரட்டும் திட்டத்தைத் தொடங்கியது. நல்ல பணி, வரவேற்கிறோம். 2015 முதல் சட்டப்படி கனிமச் சுரங்கங்கள் ஏலத்துக்கு வருகின்றன. ஏலம் கேட்பவன் அந்தக் கணக்கைப் படிப்பான், பயன்பெறுவான். ஓடைக்கரையிலே வாழ்பவன்?

பொன்னைக் காட்டும் அதே மண், ஆர்சனிக்கையும் ஈயத்தையும் காட்டுகிறது. எந்த ஊர்க் கிணற்று நீரை உடனே சோதிக்க வேண்டும் என்பதற்கு எச்சரிக்கை அதிலே இருக்கிறது. ஒரே சோதனை, ஒரே செலவு, இரண்டு உண்மைகள்! ஒன்று முதலாளிக்குப் போய்ச் சேருகிறது. மற்றொன்று ஏழையின் காதுக்கு எட்ட வேண்டாமா?

மண் எடுத்த ஊரிலே, அந்த ஊர் மக்களின் மொழியிலே, முடிவை எழுதி ஒட்டுங்கள். நஞ்சின் அளவு மிகுந்த இடத்திலே நீரைச் சோதியுங்கள். ஏலமணி அடிப்பதற்கு முன்பே இதைச் செய்யுங்கள்!

மண் உண்மையைச் சொல்லிவிட்டது. மக்களிடம் சொல்ல வேண்டியவர்கள் ஆள்வோர்!