கேட் தேர்வுக்கு டவுன்லோட் போதுமா?

வேலை பார்த்துக்கொண்டே எம்.பி.ஏ. படிக்க நினைப்பவர்கள், புதுக் கம்ப்யூட்டர் வந்ததும் முதலில் செய்வது டவுன்லோட். ஐ.ஐ.எம்.களில் சேருவதற்கான கேட் தேர்வுக்கு நானும் ஒரு ஃபோல்டர் நிறைய பி.டி.எஃப். பைல்களைச் சேர்த்தேன். திறந்து பார்த்தவை நான்கைந்துதான்!

2009 முதல் கேட் தேர்வே கம்ப்யூட்டரில்தான் நடக்கிறது. இப்போது மூன்று பகுதிகள், ஒவ்வொன்றுக்கும் 40 நிமிடம். நேரம் முடியாமல் அடுத்த பகுதிக்குப் போக முடியாது. நீளமான ஆங்கிலப் பத்திகளைத் திரையில்தான் படிக்க வேண்டும். பேனாவால் அடிக்கோடிட்டே பழகியவர்கள் இங்கே தடுமாறிப் போகிறார்கள்.

திண்டுக்கல்லிலிருந்து மதுரைக்குத் தினமும் பஸ்ஸில் போய் வந்து வேலை பார்ப்பவருக்கு மூன்று மணி நேரப் படிப்பெல்லாம் நடக்காத காரியம். 40 நிமிடம் கிடைக்கும். காலையில் நெட் இணைப்பைத் துண்டித்துவிட்டு, பழைய வினாத்தாளில் ஒரே ஒரு பகுதியைத் திரையில் பார்த்து எழுதுங்கள். கணக்குப் போட ஒரு வெள்ளைத்தாள் போதும்.

இரவில் தவறுகளை எக்ஸெலில் பதியுங்கள். தேதி, கேள்வி, காரணம் என மூன்று காலம். காரணத்தில் 'தெரியாது', 'அவசரம்', 'ஊகம்' இவற்றில் ஒன்றை டைப் செய்யுங்கள். ஞாயிற்றுக்கிழமை ஃபில்டர் போட்டுப் பார்த்தால் உங்கள் வியாதி தெரிந்துவிடும். என்னுடையது 'ஊகம்'. ஆப்ஷன் கேள்விகளில் சரியான விடைக்கு 3 மதிப்பெண், தவறினால் 1 கழிவு. முதல் முறை என்னைக் கவிழ்த்தது அதுதான். விடையை நாமே டைப் செய்யும் கேள்விகளில் இந்தக் கழிவு கிடையாது. அங்கே துணிந்து எழுதலாம்.