சேமலாபம் எங்கே?

உழைத்தவனுக்குக் கூலி கொடுப்பது தருமம் அன்று, கடன். அந்தக் கூலியிலே ஒரு பங்கைக் கையிற் கொடாது, “உன் முதுமைக்காக வைத்திருக்கின்றோம்” என்று சொல்லிப் பிடித்துக்கொண்டவர்கள், முதுமை வந்தபின்னரும் அதனைக் கொடாதிருப்பார்களாயின், அது கடன் தவறிய குற்றம் மாத்திரமன்று. அடைக்கலப் பொருளை விழுங்கிய குற்றமுமாகும். இந்தக் குற்றம் இன்று நம் நாட்டிலே மிகச் சாதாரணமாக நடைபெறுகின்றது. வற்றாப்பளை, முள்ளியவளை, தண்ணீரூற்று முதலிய வன்னிக் கிராமங்களிலே உழைத்து ஓய்ந்த கைகளை நோக்கும்போது, இது பற்றி மௌனஞ் சாதிப்பது அக்குற்றத்துக்கு உடந்தையாயிருப்பதே என எண்ணுகின்றோம்.

1958ஆம் ஆண்டு இந்நாட்டுத் தமிழர் மறக்கவொண்ணாத ஆண்டு. தெற்கிலே தமிழர் வீடுகள் எரிந்த அதே ஆண்டிலேதான் ஊழியர் சேமலாப நிதிச் சட்டம், அவ்வாண்டின் 15ஆம் இலக்கச் சட்டமாக நிறைவேறிற்று. அரசாங்க உத்தியோகத்தருக்கு இருப்பதுபோன்ற ஓய்வூதியம் தனியார் துறையிலும் கூட்டுத்தாபனங்களிலும் வேலைசெய்வோருக்கு இல்லை. ஆகவே அவர்களுக்கும் அந்திமக் காலத்தில் ஓர் ஊன்றுகோல் வேண்டும் என்பதே அதன் நோக்கம். நோக்கம் நல்லது, நாம் வரவேற்கவேண்டியது. பின்னர் 1980ஆம் ஆண்டிலே ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிச் சட்டமும், 1983ஆம் ஆண்டிலே பணிக்கொடைச் சட்டமும் வந்தன. ஏட்டளவிலே பார்த்தால், ஆசியாவிலே தொழிலாளிக்கு அரண் செய்த நாடுகளுள் இலங்கையும் ஒன்று என்று பெருமை பேசலாம்.

ஏட்டிலுள்ளது என்னவென்று முதலிற் பார்ப்போம். மாதம் 30,000 ரூபா பெறும் ஒரு தொழிலாளியின் சம்பளத்திலிருந்து நூற்றுக்கு எட்டு வீதம், அதாவது 2,400 ரூபா கழிக்கப்படுகின்றது. முதலாளி நூற்றுக்குப் பன்னிரண்டு வீதம், அதாவது 3,600 ரூபா தன் பங்காகச் சேர்க்கவேண்டும். இரண்டுமாகச் சேர்ந்து 6,000 ரூபா, மறுமாத முடிவுக்குள் மத்திய வங்கியின் பொறுப்பிலுள்ள நிதியிலே அத்தொழிலாளியின் பெயருக்குக் கட்டப்படவேண்டும். நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு மேலும் 900 ரூபாவை முதலாளியே கட்டவேண்டும். பதினைந்து பேருக்குக் குறையாமல் வேலைசெய்யும் இடமாயின், ஐந்து வருடம் சேவைசெய்த எவனுக்கும் ஒவ்வொரு வருடத்துக்கும் அரை மாதச் சம்பளம் பணிக்கொடையாக உண்டு. இருபது வருடம் உழைத்தவனுக்கு அது மூன்று இலட்சம் ரூபா. அதனை வேலை முடிந்த முப்பது நாளுக்குள் கொடுத்துவிடவேண்டும் என்பது சட்டம்.

இனி, நடப்பது என்ன? சேமலாபத்தை இழந்து நிற்போர் மூன்று வகையினர். மூவருடைய நோயும் வேறு; மருந்தும் வேறு. அவர்களை ஒன்றாகக் குழப்புவதனாலேதான், “ஆவணம் கொண்டுவா” என்ற ஒரே வாசகத்தைச் சொல்லி எல்லாரையும் திருப்பியனுப்புவது அலுவலகங்களுக்கு எளிதாயிருக்கின்றது.

முதல் வகையினர், பணம் ஒழுங்காகக் கட்டப்பட்டிருந்தும் அதனைப் பெறமுடியாதோர். 2004ஆம் ஆண்டு மார்கழி 26ஆம் நாள் ஆழிப்பேரலை முல்லைத்தீவுக் கரையைத் துடைத்துச் சென்றது. ஐந்து வருடம் கழியுமுன், 2009ஆம் ஆண்டிலே, வன்னியின் சனம் முழுவதும் ஊர் ஊராகத் துரத்தப்பட்டு, முள்ளிவாய்க்கால் மணலிலே ஒதுங்கி, நந்திக்கடலையும் வட்டுவாகலையும் கடந்து வெளியேறிற்று. பிள்ளையைத் தூக்குவதா, பெட்டியைத் தூக்குவதா என்று நின்ற வேளையில், உறுப்புரிமை அட்டையையும் சம்பளத் துண்டையும் எவன் தேடியிருப்பான்? செட்டிகுளத்து முகாமிலிருந்து ஊருக்கு மீண்டவர்களிடம் இருந்தது அவர்களுடைய பெயர் மாத்திரமே. அந்தப் பெயரும் பிறப்புச் சான்றிதழில் ஒருவிதமாக, அடையாள அட்டையில் வேறுவிதமாக, வேலைத்தல இடாப்பில் இன்னொருவிதமாக எழுதப்பட்டிருக்கின்றது. தகப்பன் பெயரை முன்வைக்கும் தமிழ் வழக்கை அறியாத எழுதுவினைஞர் ஒருவர் என்றோ செய்த எழுத்துப் பிழைக்காக, எழுபது வயதுக் கிழவர் இன்று தண்டனை அநுபவிப்பதா?

“ஆதாரமின்றிப் பொதுப் பணத்தை எப்படிக் கொடுப்பது?” என்று அதிகாரிகள் கேட்பார்கள். நியாயமான கேள்வியே. ஆனால் விடையும் அவர்களிடமே இருக்கின்றது. ஒவ்வொரு மாதமும் முதலாளி பணம் கட்டும்போது, இன்ன தொழிலாளிக்கு இன்ன தொகை என்று பெயர்ப் பட்டியலும் அனுப்பவேண்டும். அப்பட்டியல் சென்றது கொழும்புக்கு. முல்லைத்தீவிலே கடல் வந்தது, குண்டு விழுந்தது, கடதாசி எரிந்தது. கொழும்பிலே இருந்த ஏடுகளைக் கடல் கொண்டதுமில்லை. முல்லைத்தீவை எரித்த நெருப்பு அவற்றைத் தொட்டதுமில்லை. ஏட்டை வைத்திருப்பவன் கேட்கின்றான், இழந்தவன் காட்டவேண்டுமாம்! இந்த முறையைத் தலைகீழாகத் திருப்பவேண்டும். பெயரையும், வேலைசெய்த இடத்தையும், ஏறத்தாழ வருடத்தையும் தொழிலாளி சொன்னால், ஏட்டைப் புரட்டிக் கணக்கைக் கண்டுபிடித்துக் கொடுப்பது நிதியின் கடமையாக்கப்படவேண்டும்.

வற்றாப்பளையிலே கண்ணகைக்குக் கோயில் இருக்கின்றது. வைகாசிப் பொங்கலுக்கு உப்புநீரிலே விளக்கெரிவதைக் காண வன்னி முழுவதும் அங்கே திரள்கின்றது. மதுரையை விட்டு வந்த அன்னை தங்கிய பத்தாவது பளை அது என்பது ஊர் வழக்கு. அவள் அரசன் வாயிலுக்குப் போனது இரக்கத்துக்கன்று, வழக்குக்கு. சான்று என்ன என்று கேட்டபோது உடைத்துக் காட்ட அவள் கையில் ஒற்றைச் சிலம்பாவது எஞ்சியிருந்தது. நந்திக்கடலில் இறங்கி உடுத்த துணியோடு கரையேறியவனிடம் அதுவும் இல்லை. பாண்டியனோ, மாணிக்கப் பரலைக் கண்ட அளவிலே தன் பிழையை உணர்ந்தான்; இன்னொரு பிரதி கொண்டுவா என்றானில்லை. அன்னையின் சந்நிதிக்கு ஆண்டுதோறும் வந்து கும்பிட்டுப் போகும் அமைச்சரும் அதிகாரிகளும் இக்கதையின் பொருளைச் சற்றே சிந்திப்பாராக.

இதிலே மிகக் கொடிய நிலை, கணவனைப் பறிகொடுத்த பெண்ணினுடையது. இறந்தவனுடைய சேமலாபத்தைக் கோர மரணச் சான்றிதழ் வேண்டும். கையிலே பிடித்துக் கொடுத்த கணவனை, “உயிரோடிருக்கின்றானா, சொல்லுங்கள்” என்று 2017ஆம் ஆண்டு முதல் முல்லைத்தீவுத் தெருவிலே நின்று கேட்பவள், பணத்துக்காக அவன் செத்தான் என்று கையெழுத்திடுவாளா? காணாமற்போனமைக்கான சான்றிதழை 2016ஆம் ஆண்டின் சட்டத் திருத்தம் ஏற்படுத்தியிருக்கின்றது. அதனைக் கையில் வைத்திருக்கும் எந்தப் பெண்ணையும் மரணச் சான்றிதழ் கேட்டு எந்த அலுவலகமும் திருப்பி அனுப்பலாகாது. உரிமைப் பணத்துக்கு விலையாக நம்பிக்கையைக் கேட்பது மனிதர் செய்யும் காரியமன்று.

இரண்டாம் வகையினர், சம்பளத்திலிருந்து கழிக்கப்பட்டும் நிதியிலே கட்டப்படாதோர். இவர்களுக்கு நேர்ந்தது வெளிப்படையான திருட்டு. வெட்கக்கேடு என்னவெனில், இத்திருட்டிலே அரசாங்கமே முன்னின்றிருக்கின்றது. ஜனவசம என வழங்கும் மக்கள் தோட்ட அபிவிருத்திச் சபையும், அரச பெருந்தோட்டக் கூட்டுத்தாபனமும் தோட்டத் தொழிலாளரின் சேமலாபத்தையும் பணிக்கொடையையும் வருடக்கணக்காகக் கட்டாதிருந்தமை பாராளுமன்றக் குழுக்களின் முன்னே பலமுறை பேசப்பட்டதாகும். தனியார் முதலாளி கட்டத் தவறினால், தாமதத்துக்கேற்ப நூற்றுக்கு ஐந்து முதல் ஐம்பது வீதம் வரை மிகைவரி உண்டு. நீதவான் நீதிமன்றத்திலே தண்டப் பணமாக அறவிட வழியுண்டு. கடன்காரன் அரசாங்கமேயாயின் எந்த நீதவானிடம் போவது?

மலையகத்துக் கணக்கு வன்னிக்கு எதற்கு என்று எவரும் கேட்கவேண்டாம். 1958இலும், 1977இலும், 1983இலும் அடிபட்டு, தோட்டங்களை விட்டோடி, காடு வெட்டிக் கழனியாக்கிய மக்களின் குடும்பங்கள் வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் இன்று நம்மோடு ஒன்றாக வாழ்கின்றன. இரவோடிரவாக லயத்தை விட்டு ஓடியவன், துரையின் கந்தோருக்குப் போய்க் கணக்கை முடித்துக்கொண்டா வந்திருப்பான்? அவனுடைய பெயரிலே ஒரு தொகை எங்கோ கிடக்கின்றது. அல்லது கட்டப்படாமலே போயிற்று. எதுவெனச் சொல்லவேண்டிய பொறுப்பு அரசாங்கத்தினுடையது. பரந்தன் இரசாயனத் தொழிற்சாலையும், ஆனையிறவு உப்பளமும், ஒட்டுசுட்டான் ஓட்டுத் தொழிற்சாலையும் போரினால் ஓய்ந்தன. ஆனையிறவிலே 2025ஆம் ஆண்டு உப்புத் தொழிற்சாலை திறந்துவைக்கப்பட்டது, நன்று. புதிய வாயிலுக்கு நாடா வெட்டிய கைகள், பழைய வாயிலால் வெளியேறியோரின் கணக்கேட்டையும் ஒருமுறை திறக்கட்டும். எவர் பெற்றார், எவர் பெறவில்லை என்று நிறுவனம் நிறுவனமாகப் பட்டியலிட்டு வெளியிடட்டும்.

மூன்றாம் வகையினர், இடாப்பிலே பெயரே பதியப்படாதோர். கடையிலும், நெல்லாலையிலும், மர ஆலையிலும், கட்டட வேலையிலும் பத்துப் பதினைந்து வருடம் நின்றவர்கள் இவர்கள். இங்கே கொழும்பைக் குறைகூறிப் பயனில்லை. இம்முதலாளிகள் நம்மவர். கோயிலுக்குத் தேர் செய்து கொடுப்பர். திருவிழாவுக்கு உபயம் எடுப்பர். தம் கடைப் பையனுக்குச் சேமலாபம் கட்டுவது மாத்திரம் வீண் செலவென்பர். உரிமை உரிமை என்று பிறரிடம் கேட்கும் ஓர் இனம், தன்னிடம் கைகட்டி நிற்பவனின் உரிமையை மறுக்குமானால், அதன் குரலுக்கு வலிமை எங்கிருந்து வரும்? ஒருவனே வேலைக்கு நின்றாலும் சேமலாபம் கட்டவேண்டும் என்பதே சட்டம். அதனை அறிந்தே மீறுவோரை நாம் மன்னிப்பதற்கில்லை.

விவசாயிகளும் இதனைப் பிறர் காரியமென எண்ணலாகாது. கமக்காரருக்கு 1987ஆம் ஆண்டிலும், கடற்றொழிலாளருக்கு 1990ஆம் ஆண்டிலும் ஓய்வூதியத் திட்டங்கள் சட்டமாயின. தவணைப் பணத்தை நம்பிக்கையோடு கட்டிய கமக்காரன் அறுபது வயதை எட்டியபோது என்ன கண்டான்? 2012ஆம் ஆண்டளவிலே நிதி வற்றிப்போய்க் கொடுப்பனவு நின்றது. 2014ஆம் ஆண்டிலேதான் மீண்டும் தொடங்கிற்று. குளம் வற்றினால் மழை வரும் என்று காத்திருக்கலாம். அரசாங்கத்தின் நிதி வற்றினால் எந்த வானத்தைப் பார்ப்பது?

சேமலாப நிதியோ வற்றிய குளமன்று. நான்கு இலட்சம் கோடி ரூபாவைத் தாண்டிய பெருங்கடல் அது. ஆனால் அக்கடலிலே அள்ளுவோர் யார்? 2023ஆம் ஆண்டு உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்பு வந்தபோது, வங்கிகளின் கைவசமிருந்த பிணைமுறிகளுக்கு விலக்களிக்கப்பட்டது. தொழிலாளரின் சேமலாப நிதி சுமையைத் தாங்கிற்று. அதற்கு முந்திய 2022ஆம் ஆண்டிலே பணவீக்கம் நூற்றுக்கு எழுபது வீதத்தை அண்மியிருந்தது. இருபது வருடத்துக்கு முன் கொடுத்திருந்தால் ஒரு வீட்டுக்குக் கூரை போட்டிருக்கக்கூடிய தொகை, இன்று கொடுத்தால் ஒரு மாத மருந்துக்குப் போதாது. ஆகவே, தாமதித்தல் என்பது கொடாமையின் மறுபெயரேயாகும்.

2020ஆம் ஆண்டுக்கு முன் ஓய்வுபெற்ற அரச ஊழியரின் ஓய்வூதிய முரண்பாட்டை, 2025 யூலை தொடங்கி மூன்று கட்டங்களிலே தீர்க்க அரசாங்கம் முன்வந்தது. அவர்களுக்குச் சங்கங்கள் இருந்தன, எழுதத் தெரிந்தது, வருடக்கணக்காக விடாது கேட்டார்கள். மூடிய ஆலையின் தொழிலாளிக்கும், தோட்டத்தை விட்டோடியவனுக்கும், கடைச் சிப்பந்திக்கும் சங்கமில்லை. அவர்கள் தனித்தனியே பேருந்தேறி, தனித்தனியே ஏமாந்து திரும்புகின்றனர்.

எனவே நாம் கேட்பது இது. தொழில் திணைக்களமும் சேமலாப நிதியும் ஒன்றுசேர்ந்து, தமிழறிந்த உத்தியோகத்தரோடு, வன்னியின் ஒவ்வொரு பிரதேசத்துக்கும் நேரில் வரவேண்டும். கிராம அலுவலரின் உறுதியும், உடன் வேலைசெய்த இருவரின் சத்தியக் கடதாசியும் சான்றாக ஏற்கப்படவேண்டும். பெயர்ப் பிழைகள் அவ்விடத்திலேயே திருத்தப்படவேண்டும். அரசாங்க நிறுவனங்கள் கட்டாது விட்ட தொகையை, இழந்த வட்டியோடு திறைசேரி கட்டவேண்டும். நம் பாராளுமன்ற உறுப்பினர்கள் நிறுவனத்தின் பெயரும் தொகையும் குறித்து வினாவெழுப்பி, எழுத்திலே விடை பெறவேண்டும். பொதுவாக முழங்குவது போதாது.

நம் வாசகரிடமும் ஒன்று கேட்கின்றோம். சட்டத்தரணிகளும், ஆசிரியர்களும், கணக்காளர்களும், ஓய்வுபெற்ற உத்தியோகத்தரும் நம்முள்ளே நிறைந்திருக்கின்றனர். மாதத்தில் ஒரு ஞாயிறு, கிராமத்துப் பள்ளிக்கூடத்திலோ சனசமூக நிலையத்திலோ அமர்ந்து, வந்தவருடைய கதையைக் கேட்டு, படிவத்தை நிரப்பி, ஒரு பிரதியை வைத்துக்கொண்டு, பதில் வரும்வரை விடாது தொடர்வார்களாயின், தனித்தனிக் குரல்கள் ஒரு பட்டியலாகும். பட்டியலாகிய குரலைக் குப்பைக் கூடையிலே போடுதல் எளிதன்று.

கேட்பவர்கள் முதியவர்கள். அவர்களுக்குக் காத்திருக்க நேரமில்லை. அதனை நன்கறிந்தே அதிகாரம் காலங் கடத்துகின்றதோ என ஐயுறவேண்டியிருக்கின்றது. அவ்வையம் பொய்யென நிரூபிக்கும் பொறுப்பு அரசாங்கத்தினுடையது.